மாமனாருக்குக் கீழே ஒரு கப்பல்

ஆற்றிலிருந்து படகில் ஏறி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை இது: "மாமனார் வளந்துட்டாரு."

காற்றுப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, உங்கப்பாவைச் சொல்றாரு. இந்த வயசுல வளர்றதுன்னா லேசுப்பட்ட விஷயமா?"

நான் சிரிக்கவில்லை. இவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாமனார் என்பது ஒரு கட்டை. ஆற்றின் அடியில், சேற்றிலிருந்து இடுப்பளவு நீட்டிக்கொண்டிருந்த தடித்த மரக்கட்டை. எந்தக் காலத்திலோ படகு கட்டுவதற்கு அடித்த முளை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தப் பக்கம் இறங்குகிற டைவர்கள் தங்கள் கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, இரண்டு கையும் காலியாக வேலை பார்ப்பார்கள். அசையாது, பேசாது, எவ்வளவு இழுத்தாலும் இளகாது, ஆனால் அதை விட்டால் வேறு பிடிமானமும் கிடையாது. அதனால் யாரோ வைத்த பெயர் அது. தான் வைத்ததில்லை என்று இவர் என் அப்பாவிடம் சத்தியமே செய்திருக்கிறார். அப்பா நம்பவில்லை.

இவர் போய் இது மூன்றாவது வருடம். ஆற்றில் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நுரையீரல் கெட்டு, ஒரு மத்தியான நேரத்தில் போனார். கப்பலைப் பற்றி விசாரித்து வருகிறவர்கள், "உங்க வீட்டுக்காரர்தானே கண்டுபிடிச்சது?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடித்தது என்பது பெரிய சொல். பல வருடமாக அதில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அவர். நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆறு கறுப்பு. மேலிருந்து பார்த்தால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். ஓர் ஆள் ஆழம் போனால் வெளிச்சம் முடிந்துவிடும். விளக்கு கொண்டுபோனாலும், பனிமூட்டத்தில் காரின் விளக்கைப் போட்டது போல எதிரே ஒரு வெள்ளைச் சுவர் நிற்குமே தவிர ஒன்றும் தெரியாது. பாலத்தூணில் விரிசல், படகைத் தள்ளும் விசிறியில் சிக்கிய வலை, கழன்றுபோன குழாய் என்று எதுவானாலும் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்குவார். "திறந்து வச்சா கண்ணு சும்மா தேடிட்டே இருக்கும். கை சோம்பேறியாயிடும்" என்பார்.

மேலே கயிறு என் பொறுப்பு. பெரிய கம்பெனிக்காரர்களிடம் தண்ணீருக்குள் பேசுகிற கருவி இருந்தது. எங்களிடம் கயிறுதான். வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பலர் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "வேற எவன் கையில குடுத்தாலும் நடுவுல போன் பேசப் போயிடுவான்" என்று முடித்துவிடுவார். அந்தக் கயிற்றில் கைவைத்தால் அவர் நடக்கிறாரா, மண்டியிட்டிருக்கிறாரா, எதன் மேலாவது எரிச்சலாக இருக்கிறாரா என்று எனக்குத் தெரியும். வீட்டில்கூட அவ்வளவு தெரியாது.

அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை, மாமனாரைப் பிடுங்குவதற்கு ஏற்பாடு செய்வது. பெரிய சரக்குப் படகுகள் போய்வருவதற்காக ஆற்றின் நடுவே ஆழப்படுத்திக்கொண்டு வந்தார்கள். மேலே வளைவில் தூர்வாரும் இயந்திரம் நாள் முழுக்க உறுமும். அது வருவதற்கு முன்னால் வழியில் இருக்கிற இடைஞ்சலை எல்லாம் கிரேன் மிதவை ஒன்று எடுத்துக்கொண்டே போகும். அவர்களுடைய படத்தில் மாமனார் ஒரு சின்னப் புள்ளி. இவர் கீழே போய் அதில் இரும்பு வடத்தைச் சுருக்குப் போட்டு மாட்டிவிட வேண்டும். திங்கட்கிழமை கிரேன் இழுக்கும்.

"வடத்தை மாட்டிட்டேன்" என்றார், டீயைக் கையில் கொடுத்த பிறகு. "எப்பவும் கயிறு கட்டற இடத்துலயே மாட்டிட்டேன். அப்புறம், அடியோட சேத்துக் கட்டினாத்தான் வழுக்காதுன்னு கீழ போனேன். அடி வரல."

"வரலன்னா?"

"கட்டை போயிட்டே இருக்கு."

போன மழையில் வந்த வெள்ளமும் புதிய பாலத்தின் தூண்களும் சேர்ந்து நீரோட்டத்தைத் திருப்பிவிட்டிருந்தன. எங்கெங்கோ சேறு அரித்துப் பள்ளம் விழுந்திருப்பதாகப் பேச்சு இருந்தது. இவர் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி இறங்கியிருக்கிறார். முதலில் கட்டையைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. அதற்குக் கீழே ஒரு மரக்கப்பி, உள்ளே கயிறு ஓடியபடியே. பிறகு கால் எதன் மேலோ பட்டிருக்கிறது.

"சேறு இல்ல" என்றார். "பலகை. வரிசையா, இடைவெளி இல்லாம, பலகை."

"கட்டைக்கு வேர் விட்டிருக்கும்ணே" என்றான் கொழுந்தன். சொல்லிவிட்டுப் பம்பின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் இவர் சமையலறை மேஜையைத் துடைக்கச் சொன்னார். நடுவில் தண்ணீர் பாட்டிலை வைத்தார். "இது மாமனார்." கண்ணை மூடிக்கொண்டார். என்னையும் மூடச் சொல்லி என் கையைப் பிடித்து மேஜையின் விளிம்பில் வைத்தார்.

"இது கைப்பிடிச் சுவர். மேல அகலமா ஒரு கட்டை. ஆளுங்க சாஞ்சு சாஞ்சு தேய்ஞ்சிருக்கு. இப்படியே வா. இங்க ஒரு சின்னக் கதவு மாதிரி. கீழ படி போகுது. நான் போகல. இங்க தள்ளி இன்னொரு கட்டை, இதைவிடக் கொஞ்சம் ஒல்லி. அதுக்கு அப்பறம் தரை லேசா மேல ஏறுது."

என் விரல் மேஜையின் மூலையில் நின்றது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கப்பலா?" என்றேன்.

"பாய்க்கப்பல். நாம கயிறு கட்டினது பாய்மரத்துல."

கண்ணைத் திறந்தபோது அது வெறும் மேஜையாக இருந்தது. எத்தனையோ பேர், எத்தனையோ வருடம், ஒரு கப்பலின் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறோம். அது கீழே நேராக நின்றிருக்கிறது. நாங்கள் அதை முளை என்று திட்டியிருக்கிறோம். இவர் மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை அதை இழுத்தா, பாய்மரம் மட்டும் வராது. கப்பலோட முதுகெலும்பு சேந்து வரும். சுருக்கு மாட்டினவன் நான்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நீர்வழி அலுவலகத்துக்குப் போனோம். இஞ்சினியர் அம்மாவின் அறை சின்னது. ஆற்றின் படம் ஒரு சுவரை முழுக்க அடைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ், மேஜையில் மூக்குச் சிந்திய காகிதக் குவியல். அந்தம்மாவுக்கு எப்போதும் ஜலதோஷம். இவர் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார்.

"அண்ணா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா இந்த ஆத்துல பழைய சரக்குப் படகு எத்தனை கிடக்குன்னு உங்களுக்கே தெரியும். உடைக்கக் கூலி தர வேணாம்னு ஓட்டை போட்டு முக்கிட்டுப் போயிருக்காங்க. அதுலயும் பலகை இருக்கும், கப்பி இருக்கும்."

"இது அது இல்ல மேடம்."

"இருக்கலாம். வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த படத்துல சேறு மட்டும்தான் தெரியுது. திரும்பப் படம் எடுக்கணும்னா சோனார் படகு வரணும். அது மொத்த ஆத்துக்கும் ஒண்ணுதான். காரணம் இல்லாம கூப்பிட்டா தலைமை ஆபீசுல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அக்கா, எனக்கு ஏதாவது ஒண்ணு குடுங்க. கையில வச்சுப் பார்க்கற மாதிரி. அதை வச்சு நான் நிறுத்தறேன். திங்கக்கிழமைக்குள்ள."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தெளிவாகக் கேட்டார், தெளிவாக வழியும் சொன்னார்.

மதியமே படகை எடுத்தோம். இவர் கப்பலின் பின்பக்கமாகப் போகிறேன் என்று சொல்லி இறங்கினார். கயிறு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. நான் ஒருமுறை இழுத்துக் கேட்டேன். 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு இழுப்பு வந்தது. மறுபடியும் அசைவில்லை. கயிற்றில் அவர் அப்படி அசையாமல் இருந்து நான் அறிந்ததில்லை.

ஏறி வந்தபோது இரண்டு கையும் காலி.

"ஒண்ணும் கிடைக்கலயா?"

"கிடைச்சுது." உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "பின்னாடி ஜன்னல் இருக்கு. சின்னச் சின்னக் கண்ணாடி. ஒண்ணு மட்டும் உடைஞ்சிருக்கு. அது வழியா கையை விட்டேன். உள்ள ஒரு அலமாரித் தட்டு, விளிம்புல தடுப்புச் சட்டம் வச்சு. கிண்ணம் இருக்கு. ஒண்ணு இல்ல, வரிசையா. கவுத்து வச்சிருக்கு. கழுவிக் கவுத்து வச்சிருக்கு."

"எடுத்துட்டு வர வேண்டியதுதானே!"

"கையில எடுத்தேன். திரும்ப வச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஈரக் கயிற்றை அவர் மடியிலேயே போட்டேன். "நாளன்னைக்குக் கிரேன் வந்து மொத்தத்தையும் பேத்தெடுக்கப் போகுது. நீங்க ஒரு கிண்ணத்துக்கு மரியாதை பண்ணிட்டு வர்றீங்க!"

"நீயே அங்க கைய வச்சுப் பாரு. யாரோ கழுவி வச்சுட்டுப் போன பாத்திரம். ஆறு இத்தனை காலம் அதைத் தொடல. முதல்ல கலைச்ச ஆளு நானா இருக்கணுமா?"

"ஆமா, உங்களுக்கு அப்பறம் வர்ற தூர்வார்ற மெஷின் ரொம்ப மெல்லமா எடுத்து வைக்கும்!"

"அண்ணி, அண்ணனுக்குச் சின்ன வயசுலயே இப்படித்தான்" என்றான் கொழுந்தன். "பக்கத்து வீட்டுக் கொய்யாவைக்கூட மோந்து பாத்துட்டு மரத்துலயே விட்டுட்டு வருவாரு. அடி மட்டும் எனக்கு விழும்."

இவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்காமல் கரை வரைக்கும் வந்தேன். கரையில் இறங்கும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கிண்ணம் வேண்டாம். மெழுகு கொண்டுபோகலாம்.

எங்கள் தொழிலில் அது தினப்படி வேலை. படகின் விசிறியில் விரிசல் விழுந்திருந்தால், அந்தத் தண்ணீரில் அதைப் படம் பிடிக்க முடியாது. மெழுகும் கொழுப்பும் கலந்து காய்ச்சி, தகரத் தட்டில் ஊற்றி, வெந்நீர்ப் பையோடு சுற்றி இளக்கமாகவே கீழே கொண்டுபோய் விரிசல் மேல் அழுத்தி எடுத்துவந்து காட்டுவோம். மேலே வந்ததும் ஒரு வேலை உண்டு. தட்டைப் பிடித்து அழுத்தியதில் இவர் விரல்கள் ஓரங்களில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். பார்க்கிறவர்கள் அதையும் சேதம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் கரண்டியைச் சூடாக்கி அந்த விரல் தடங்களை நான் வழித்துவிடுவேன். கையெழுத்துப் போடுகிற மாதிரி, யோசிக்காமல் செய்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு முழுக்கக் கொழுப்பு நாற்றம் அடிக்க இரண்டு தட்டுக் காய்ச்சினேன். இவர் ஒன்றைக் கப்பலின் பின்புறத்தில் இருந்த மரவேலைப்பாட்டின் மேலும், இன்னொன்றை ஜன்னலின் ஓரத்தில் கண்ணாடியும் சட்டமும் சேருகிற இடத்திலும் அழுத்தி எடுத்துவந்தார். முதல் தட்டில் ஓர் இலைக்கொடியின் சுருள் வந்திருந்தது. நரம்புகூட விடாமல் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். உளி பட்ட இடம் ஒவ்வொன்றும் தெரிந்தது.

இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு, படகின் அடுப்பில் கரண்டியைக் காட்டி, வழக்கம்போல் வழிக்க ஆரம்பித்தேன். ஒரு தடம் போயிற்று. இன்னொன்று போயிற்று. மூன்றாவது இடத்தில் கரண்டி தடுக்கியது.

பள்ளத்தில் கரண்டி இறங்கும். இதில் ஏறியது. மணல் கட்டி என்று நினைத்து நகத்தால் தள்ளப் போனவள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேடாக, வழவழப்பாக, நுனி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, அதன் மேல் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். கோடுகள் சுழன்று சுழன்று நடுவில் போய்ச் சேர்ந்தன.

"என்னங்க," என்றேன். "உங்க கட்டைவிரலைக் காட்டுங்க."

திங்கட்கிழமை காலையில் கிரேன் மிதவை முன்கூட்டியே வந்து நின்றுவிட்டது. நாங்கள் போனபோது வடம் இறுகி, தண்ணீருக்குள் ஒரே நேர்கோடாக இறங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சினியர் அம்மா மஞ்சள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு மிதவையில் நின்றிருந்தார்.

தட்டுகளை ஒரு கருவிப் பெட்டியின் மேல் வைத்தோம். இலைக்கொடியை அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு. ரொம்பப் பழசு. இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கும்னு தோணுது" என்றார். "ஆனா இது ஒரு பலகை மட்டுமா, முழுக் கப்பலான்னு இதை வச்சு எப்படிச் சொல்றது? துண்டு துண்டாக் கிடந்தா நான் வழியை மாத்த முடியாது."

நான் இரண்டாவது தட்டைத் தள்ளினேன்.

"இது அண்ணாவோட விரல் பதிஞ்சது" என்றார் உடனே.

"இல்லைங்க. அவர் விரல் பட்டா குழிதான் விழும். இது மேடு."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். தட்டின் காலியான மூலையில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி. அந்தக் குழியையும் பக்கத்தில் இருந்த மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கைக்கூடத் துடைக்க மறந்துபோய் நின்றார்.

"அப்ப இது..."

"ஜன்னல் சட்டத்தைச் சுத்தி தாரு மாதிரி கீல் பூசியிருக்கு மேடம், தண்ணி உள்ள போகாம இருக்க" என்றார் இவர். "பூசினவன் கடைசியா அங்க கட்டைவிரலை வச்சு அழுத்தியிருக்கான். கீல்ல விழுந்த குழி அங்க அப்படியே இருக்கு. அந்தக் குழிக்குள்ள என் மெழுகு போயிட்டு வந்திருக்கு."

கீல் பூசிய மனிதனின் பெயர் தெரியாது. அவன் எந்தக் கரையில் நின்று அந்தக் கப்பலைக் கட்டினான், என்ன மொழி பேசினான், எதுவும் தெரியாது. அவன் கட்டைவிரல், மேடும் ரேகையுமாக, எங்கள் தகரத் தட்டில் உட்கார்ந்திருந்தது. நகத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்புகூட இருந்தது. பக்கத்தில் இருந்த எந்த விரலை வேண்டுமானாலும் தொடுகிற மாதிரி அதைத் தொடலாம். யாரும் தொடவில்லை. கிரேன்காரர் கீழே இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இஞ்சினியர் அம்மா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "ரேகை தேயல. இத்தனை காலம் இந்த ஓட்டத்துல இருந்தும் ரேகையே தேயல. அப்படின்னா அது சேத்துக்குள்ள பத்திரமா மூடியே இருந்திருக்கு. கீலே தேயலன்னா மரம் எப்படித் தேயும்? கண்ணாடி சட்டத்துல நிக்குதுன்னா சட்டம் நேரா நிக்குது. சட்டம் நேரா நின்னா..." நிமிர்ந்தார். "அண்ணா, கப்பல் உடையல."

"அதைத்தான் நான் மூணு நாளா..."

"வடத்தைத் தளர்த்துங்க!" என்று கிரேன்காரரைப் பார்த்துக் கத்தினார். கத்தியதில் தும்மலும் வந்துவிட்டது. "மெதுவா! ஒரு ஆட்டம்கூட ஆடக் கூடாது. மெதுவா!"

வடத்தின் நேர்கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. நான் பழக்கத்தில் தட்டை எடுத்து மிச்சத் தடங்களை வழிக்கலாமா என்று கரண்டியைத் தேடினேன். இஞ்சினியர் அம்மா என் கையைப் பிடித்தார். "அக்கா, இதுல இனிமே ஒண்ணையும் வழிக்காதீங்க."

அந்தத் தட்டு இப்போது அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஓர் ஓரத்தில் இவர் விரல்கள் குழி குழியாக இருக்கின்றன, இன்னோர் ஓரத்தில் அவன் விரல். எத்தனையோ வருடமாக எத்தனையோ தட்டுகளில் நான் வழித்துப் போட்ட விரல்களில் மிஞ்சியவை அவை மட்டும்தான். நான் அங்கே போகும்போது இவர் விரல்கள் இருக்கிற பக்கம் போய்த்தான் நிற்பேன்.

சோனார் படகு அந்த வாரமே வந்தது. ஆற்றின் அடிக்கு ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக வரைகிற கருவி அதில் இருந்தது. எங்களையும் ஏறச் சொன்னார்கள். சின்ன அறை, ஒரு திரை, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த படம் எடுப்பவர், அவர் தோளுக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். படகு ஊர்ந்து போனது. திரையில் படம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. முதலில் வெறும் சேறு, அலை அலையாக. பிறகு பள்ளத்தின் விளிம்பு.

பிறகு ஒரு நுனி. ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து நீட்டிக்கொண்டிருந்த நீண்ட கழி. அதன் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து விரிகிற கோடுகள். கப்பலின் முகம்.

வரி வரியாக அது வந்துகொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவர். தரையில் ஒரு சதுர இருட்டு, படி இறங்குகிற இடம். ஒல்லியான பாய்மரம். தடித்த பாய்மரம். அதன் நிழல் சேற்றின் மேல் நீளமாக விழுந்திருந்தது. ஒரு பலகைகூட விலகவில்லை. முகத்துக்கு முன்னால் தள்ளி, சேற்றில் பாதி புதைந்து, நங்கூரம். கப்பல் கவிழவில்லை, சாயவில்லை. நங்கூரம் போட்டு நின்றபடியே இறங்கி, நின்றபடியே நின்றிருக்கிறது. யாரோ கரைக்குப் போயிருக்கிறார்கள், வந்தால் கிளம்பலாம் என்பது போல.

படம் எடுப்பவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் கொழுந்தன், வாயைத் திறந்தால் மூடாதவன், என் முந்தானை ஓரத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

இவர் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இவ்வளவு சின்னதா?" என்றார்.

"எது?"

"நான் நம்ம தெரு நீளம் இருக்கும்னு நெனச்சேன். தடவித் தடவிப் போறப்ப முடியவே இல்ல." கப்பலின் முன் நுனியைக் காட்டி, "அந்த மூக்கு இருக்கறதே எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் போகவே இல்ல" என்றார். பிறகு திரையின் மேல் விரலை வைத்து, தான் அறிந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

இஞ்சினியர் அம்மா வெளியே போய்த் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். கதவின் வழியாக அவர் குரல் கேட்டது. வழியை எதிர்க்கரைப் பக்கமாக நகர்த்த வேண்டும், இல்லை, வேறு யோசனை இல்லை, படத்தை அனுப்பியிருக்கிறேன், முதலில் பாருங்கள், பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள் என்றார். பிறகு அந்தம்மா உள்ளே வந்து, "பாத்துட்டாங்க. திட்டல" என்றார்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. பாய்மரத்தில் இவர் மாட்டிய சுருக்கு அப்படியே இருந்தது. வேறொருவர் இறங்குவதாகச் சொன்னார்கள். "மாட்டினது நான். கழட்டறதும் நான்தான்" என்றார் இவர்.

அடுத்த நாள் காற்று இல்லை. ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது. இவர் இறங்கினார். கயிறு என் கை வழியாக ஓடியது, நின்றது, பிறகு இறுகியது. இறுகிய விதத்தில் எனக்குத் தெரிந்தது, கயிற்றை மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு இரண்டு கையாலும் சுருக்கைத் தளர்த்துகிறார். அப்படியென்றால் கயிற்றின் அந்த முனையில் இப்போது அவர் இல்லை, கப்பல் இருக்கிறது.

அதற்கு முன் ஆயிரம் தடவை அப்படி இறுகியிருக்கிறது. நான் கவனித்ததில்லை. அன்று இரண்டு கையாலும் பிடித்தேன். என் உள்ளங்கையில் ஒரு பெரிய அமைதி இருந்தது. நீரோட்டம் கயிற்றைத் தள்ளும்போது படகு அசைந்தது, நான் அசைந்தேன், அந்த முனை அசையவில்லை. இத்தனை பெரிய ஒன்று, இத்தனை காலம் இருட்டில் நின்ற ஒன்று, என் கைக்குள் இருந்தது. மூச்சு விடுவதற்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது. நேரம் எவ்வளவு போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு கயிறு தளர்ந்து, உயிர் வந்து, அவராக மாறியது. 'இழு' என்று சொன்னது.

அவர் படகில் ஏறி உட்கார்ந்ததும் கொழுந்தன் கிரேனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வடம் சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, அகல விரிந்தபடி, காலியாக அந்தச் சுருக்கு மேலே வந்து காற்றில் ஆடியது. கிரேன்காரர் எஞ்சினை அணைத்தார். அணைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.